மூணாம் பாகம் எங்கே சார்?

போன வருஷம் என் பெரியப்பாவை ஏழு வாரம் நடுக்கடலில் தவிக்க விட்டுவிட்டார்கள். விட்டது கப்பல் கம்பெனி இல்லை. ஒரு லைப்ரரி கம்ப்யூட்டர்!

பெரியப்பாவுக்கு வயது 81. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவருடைய அக்கா வாராவாரம் உரக்கப் படிக்க, திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கதை 'பொன்னியின் செல்வன்'. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்ததே, அப்போது. பாதியில் அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள், கதையும் கூடவே போய்விட்டது. 'மீதியை ரிட்டயர் ஆனதும் படிச்சுக்கலாம்' என்று ஒத்திப் போட்டவர், ரிட்டயராகி 20 வருஷம் கழித்து ஒரு வழியாக ஆரம்பித்தார். திடீர் அவசரத்துக்குக் காரணம், கண். வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. அடுத்து இடது கண். அதற்குள் முடிந்தவரை படித்துவிட வேண்டும் என்று வைராக்கியம்.

ஊரில் ஒரு தனியார் நூலகம். முதல் பாகம் 'புது வெள்ளம்' எடுத்து முடித்தார். இரண்டாம் பாகம் 'சுழற்காற்று'. அது வாசகரைக் கடலில், புயலுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். நகத்தைக் கடித்தபடி ஓடிப்போய் மூன்றாம் பாகம் கேட்டால்...

"அது இல்லை, ஐயா. யாரோ எடுத்துட்டுப் போனவங்க திருப்பித் தரலை."

(தொலைவதென்றால் எப்போதும் நடுப்பாகம்தான் தொலையும். இதை யாராவது ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கலாம்.)

"கவலைப்படாதீங்க. நாலு ஊர் லைப்ரரி சேர்ந்து ஒரு ஏற்பாடு வெச்சிருக்கோம். இல்லாத புஸ்தகத்தைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைச்சுடலாம்" என்றார்கள். இன்டர்லைப்ரரி லோன் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். பட்டனைத் தட்டினார்கள். இரண்டு வாரத்தில் புத்தகம் வந்தது.

'புது வெள்ளம்'. முதல் பாகம்!

திருப்பி அனுப்பி, மறுபடி பட்டன். மறுபடி இரண்டு வாரம். இந்தத் தடவை 'தியாக சிகரம்'. ஐந்தாம் பாகம். "கடைசிப் பக்கத்தைப் பாத்துடாதீங்க பெரியப்பா!" என்று நான் பாய்ந்து பிடுங்கினேன். மூன்றாவது தடவை வேறொரு ஊரிலிருந்து வந்தது. பளபளவென்று புது அட்டை. உள்ளே மறுபடியும் 'புது வெள்ளம்'.

'கஞ்சப்பயலே, வாங்கிக் கொடுத்தால் என்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனேன். "மூணாம் பாகம் மட்டும் பிரிச்சுத் தர முடியாது சார், செட்டாத்தான் தருவோம்" என்றார் கடைக்காரர். சரி, செட்டாகவே வாங்குகிறேன் என்றால் பெரியப்பா விடவில்லை. "சந்தா கட்டியிருக்கேன். கேட்ட புஸ்தகத்தைக் கொடுக்கறது அவங்க கடமை. நீ வாங்கிடுவே. வாங்க முடியாதவன் என்னடா பண்ணுவான்?" செல்போனில் படிக்கலாமென்றால் கண் ஒத்துழைக்கவில்லை.

அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னார். "ஏழு வாரம் போயிடுச்சு. என் ஏழு வாரமும் உன் ஏழு வாரமும் ஒண்ணு இல்லை, தம்பி."

சுருக்கென்றது. மறுநாளே நூலகரைப் பார்க்கப் போனேன்.

சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெரியப்பா பெயரில் மூன்று கோரிக்கைகள். மூன்றுக்கும் எதிரே பச்சை நிறத்தில் 'பூர்த்தி'. கேட்ட தலைப்பு பொன்னியின் செல்வன், கொடுத்தது பொன்னியின் செல்வன். நூற்றுக்கு நூறு!

ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது புரியும். மனு வந்தது, பதில் போனது, ஃபைல் மூடியாச்சு. மனுப் போட்டவர் மட்டும் இன்னும் வராந்தாவில் நிற்பார்.

"ஏன் இப்படி?" என்றேன். விளக்கினார்.

நூலக சாஃப்ட்வேரில் தலைப்புக்கு ஒரு பதிவு இருக்கும்: பெயர், ஆசிரியர், பதிப்பகம். அதன் கீழே அலமாரியில் நிற்கும் நிஜப் புத்தகங்கள், ஆளுக்கொரு பார்கோடுடன். ஒரே நாவல் மூன்று காப்பி இருந்தால் ஒரு பதிவு, மூன்று பார்கோடு. எந்தக் காப்பி வந்தாலும் கதை ஒன்றுதான். அதனால் 'இந்தத் தலைப்பில் எது கைக்குச் சிக்குகிறதோ, அதை அனுப்பு' என்பது கம்ப்யூட்டரின் வழக்கம். அதே பதிவின் கீழ் ஐந்து பாகங்களையும் பாக எண் போடாமல் சேர்த்துவிட்டால்? அது பாவம், ஒரே புத்தகத்துக்கு ஐந்து காப்பி என்று நினைத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் "மாப்பிள்ளையோட தம்பியைக் கூப்பிடு" என்றால், ஐந்து தம்பிகளில் வாசலில் நிற்பவன்தானே வருவான்?

இன்னொரு கூத்தும் உண்டு. சில நூலகங்களில் ஐந்து பாகத்துக்கும் சேர்த்து ஒரு பதிவு. சில நூலகங்களில் பாகத்துக்கு ஒன்றாக ஐந்து பதிவு. இரண்டுமே சரியான முறைதான். ஆனால் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு வெறும் தலைப்பை மட்டும் அனுப்பினால், அங்கே இருப்பவர் பட்டியலில் முதலில் தெரிவதை எடுத்துக் கட்டி அனுப்பிவிடுகிறார்.

"சாஃப்ட்வேரில் இதற்கு வழியே இல்லையா?"

"இருக்கு சார். அதுதான் வேதனை."

நூலகப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுத 'மார்க்' என்று ஒரு முறை உண்டு. 1960-களில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற அம்மையார் முன்னின்று உருவாக்கியது. அதில் தலைப்புக்கு எண் 245. அதற்குள்ளேயே பாகத்தின் எண்ணுக்கு ஓர் இடம், பாகத்தின் பெயருக்கு ஓர் இடம். 'கொலை வாள்' என்று அங்கே எழுதியிருந்தால் பெரியப்பா கரை சேர்ந்திருப்பார்.

நியூசிலாந்தில் பிறந்து 2000-ல் வேலைக்கு வந்த 'கோஹா' என்ற இலவச சாஃப்ட்வேர் நம் ஊர்க் கல்லூரிகளிலும் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு பிரதிக்கும் தொகுதி எண் குறிக்கக் கட்டம் உண்டு. தலைப்பை மட்டுமின்றிக் குறிப்பிட்ட பிரதியையே கேட்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில நூலகங்களுக்காக உருவாகி 2006-ல் வந்த 'எவர்கிரீன்', பாகங்களைத் தனியே பிரித்து வைத்து 'எந்தப் பாகம்?' என்று கேட்கும்.

"கட்டமெல்லாம் இருக்கு சார். பதிவு ஏத்தினப்போ ஒரு நாளைக்கு இத்தனை புஸ்தகம்னு கணக்கு. பாக எண்ணைப் போட யாருக்கு நேரம்?"

ஐந்து பாகமும் வேண்டுமென்றால் ஒரே கோரிக்கையாகப் போடக்கூடாதாம். ஐந்து கோரிக்கை, ஐந்து தவணைத் தேதி. மொத்தமாகப் போட்டால் நாலு திரும்பி வந்ததுமே, எல்லாம் வந்ததாகக் கணக்கை முடித்துவிடும் அபாயம் உண்டு.

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "எங்க மூணாம் பாகமே அப்படித்தான் போயிருக்கும்போல சார்..."

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. பெரியப்பா அதைப் படித்ததில்லை. ஆனால் ஏழு வாரக் கணக்கில் அவர் சொன்னதும் அதைத்தான்.

உங்களில் பல பேர் இன்று சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள், இல்லாவிட்டால் அதில் டேட்டா ஏற்றுகிறீர்கள். காலியாக விட்டுத் தாண்டிப் போகிற ஒரு சின்னக் கட்டத்துக்கு மறுமுனையில் யாரோ ஒரு பெரியவர் காத்திருக்கிறார். நூலகத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல பாகப் புத்தகம் கேட்டால் பாக எண், பாகத்தின் பெயர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வந்ததும் கவுன்ட்டரிலேயே அட்டையைப் பிரித்துப் பாருங்கள்.

அந்த நூலகர் கோரிக்கைச் சீட்டில் 'எந்தப் பாகம்?' என்று ஒரு வரி சேர்த்தார். நிரப்பாவிட்டால் சீட்டை வாங்குவதில்லை. ஐந்தாம் நாள் 'கொலை வாள்' வந்து சேர்ந்தது. பெரியப்பா அதைப் படித்து முடித்தது ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால்.

நாலாம் பாகம் வந்தபோது இடது கண்ணில் கட்டு. கொஞ்ச நாள் படிக்கவே கூடாதென்று டாக்டர் உத்தரவு. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். திண்ணையில் பெரியப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பெண், எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்துக்குள் ஒரு சீட்டு செருகியிருந்தது. 'மணிமகுடம், பாகம் 4, பூர்த்தி.'

இந்தத் தடவை கம்ப்யூட்டர் சொன்னது நிஜம்.