பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றுவோர் திருடர்களா?

கனடாவில் வசிக்கும் என் மருமகன் கடந்த மார்கழி விடுமுறைக்குக் கொழும்பு வந்திருந்தான். வந்த மறுநாளே, "மாமா, உந்தப் பழைய பிரின்ஸ் கேம் இன்னும் உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டான். நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் கேட்கும் கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். ஆனால் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

1996ஆம் ஆண்டு கனடா விசாவுக்காக அவனும் என் தங்கையும் வெள்ளவத்தையில் என் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டின் மின்வெட்டுகளை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தில் நான் பத்திரிகைக்கு எழுத வேண்டும். அவன் இளவரசனை ஓட வைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரேயொரு கணினி. யாருக்கு முதலிடம் என்பதில் நாள்தோறும் பேச்சுவார்த்தை நடக்கும். பாடசாலையும் இல்லாமல் வெளியே சுதந்திரமாகத் திரியவும் வழியில்லாமல் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அந்த விளையாட்டே உலகமாக இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா 1989இல் அப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அடுத்த ஆண்டு டொஸ் இயங்குதளத்துக்கும் வந்து சேர்ந்தது. ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தம் தம்பியை ஓடவும் பாயவும் வைத்து வீடியோவில் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே இளவரசனை வரைந்தார். அறுபது நிமிடங்களுக்குள் நிலவறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். முதற்கட்டம் முடிந்ததும், அச்சிட்ட கையேட்டில் குறிப்பிட்ட ஒரு சொல்லின் முதலெழுத்து எதுவென்று கேட்கும். சரியான எழுத்துள்ள மருந்துக் குப்பியைத் தெரிந்தெடுக்காவிட்டால் மேலே செல்ல இயலாது. எங்களிடம் கையேடு இருக்கவில்லை. விடைகள் எழுதிய ஒரு போட்டோப் பிரதிதான் கைமாறித் திரிந்தது. நான் வைத்திருந்தது கள்ளக் கொப்பி என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2003இல் எனது பழைய பிளொப்பிகளையெல்லாம் ஓர் இறுவட்டில் பதிந்து வைத்திருந்தேன். மருமகன் அதைத் தன் புதிய மடிக்கணினியில் இட்டுப் பார்த்தான். இந்தக் கணினியில் இது இயங்காது என்று விண்டோஸ் ஒரே வரியில் கையை விரித்துவிட்டது.

காரணம் பழுதன்று. டொஸ் காலத்து மென்பொருள்கள் 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸ் அவற்றுக்கென்று தன்னுள்ளே ஒரு சிறிய பழைய கணினியை நடித்துக் காட்டியது. 64 பிட் முறையில் இயங்கும்போது, அதற்குத் தேவையான வசதியை இன்ரெல் வகைச் செயலிகளே தருவதில்லை. எனவே 64 பிட் விண்டோஸ் பதிப்புகளில் அந்தப் பகுதி சேர்க்கப்படவில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. அதாவது ஒரு தலைமுறையின் மென்பொருள்கள் முழுவதும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டன.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். 2002இல் முதன்முதலாக வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள், ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் எழுதியது. அது பழைய விளையாட்டைத் திருத்துவதில்லை; பழைய கணினியையே மென்பொருளால் கட்டியெழுப்புகிறது. செயலி, ஒலியட்டை, திரை என அனைத்தும் பாவனை. பழைய விளையாட்டுகள் சில, கணினியின் வேகத்தை நம்பியே ஓடின. இன்றைய வேகத்தில் விட்டால் பாத்திரங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்து வைக்கவும் அதில் வழியிருக்கிறது. மருமகன் பத்து நிமிடத்தில் அதை நிறுவி, இளவரசனை நிலவறையில் இறக்கிவிட்டான்.

நிறுவனங்கள் எல்லாமே அக்கறையற்றவை என்று நான் கூற வரவில்லை. சிம்சிற்றி விளையாட்டில் ஒரு வழு இருந்தது; விடுவித்துவிட்ட நினைவகத்தை அது மீண்டும் வாசித்தது. டொஸ்ஸில் அதனால் தீங்கு நேரவில்லை. விண்டோஸ் 95இல் அது விழுந்துவிடும் என்று கண்டதும், சிம்சிற்றி ஓடுகிறதா என்று பார்த்து நினைவகத்தை உடனே விடுவிக்காதிருக்கும் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் பொறியியலாளர்கள் தங்கள் இயங்குதளத்திலேயே செய்தார்கள். பிறர் செய்த பிழைக்காக வீட்டுச் சுவரை மாற்றிக் கட்டிய செயல் அது. பழைய விளையாட்டு ஓடாவிட்டால் புதிய விண்டோஸை மக்கள் வாங்க மாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது என்பது வேறு விடயம்.

அந்தக் கணக்கு மாறியதும் நிலைமை தலைகீழாயிற்று. சேஃப்டிஸ்க் என்ற கள்ளக் கொப்பித் தடுப்பு முறையை 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 ஏற்க மறுத்தது. அதே ஆண்டு பழைய பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடு கொண்ட முறை அது. முடக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியவரின் இறுவட்டு ஓடாது. பூட்டை உடைத்த கள்ளப் பிரதி ஓடும். நேர்மையாக வாங்கியவர், தான் வாங்கிய பொருளைப் பாவிப்பதற்குச் சட்டத்தின் மறுபக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

எனக்குச் சினம் வருவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விற்கவும் மாட்டார்கள், பிறர் பேணவும் விடமாட்டார்கள். இவற்றை ஆய்வாளர்கள் நூலகங்களுக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்து பார்வையிட அனுமதிக்குமாறு கோரியபோது, 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதனை நிராகரித்தது. பொழுதுபோக்குக்காக யாரேனும் விளையாடிவிடுவார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். நாவலை இன்பத்துக்காக வாசித்துவிடுவார்கள் என்று அஞ்சும் நூலகர் எவரையும் நான் கண்டதில்லை.

படைப்பாளியின் உரிமையை நான் இலேசாக எண்ணுபவன் அல்லன். என் கட்டுரைகளைப் பெயரை நீக்கிவிட்டுத் தம்முடையதாக வெளியிட்ட இணையத்தளங்களால் நானும் நொந்திருக்கிறேன். போலந்தைச் சேர்ந்த கொக் என்ற இணையக் கடை 2008 முதல் பழைய விளையாட்டுகளை, பலவற்றை அதே டொஸ்பொக்ஸுடன் இணைத்தே, பூட்டின்றி விற்று வருகிறது. உரிமையாளர்கள் விற்க முன்வந்தால் நாம் வாங்கத்தான் வேண்டும். கேள்வி, உரிமையாளர் கைகட்டி நிற்கும் இடத்தைப் பற்றியது. பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியாவை வெளியிட்ட புரோடர்பண்ட் 1998இல் கைமாறியது. விளையாட்டின் மூல நிரல் மெக்னரிடமே நெடுங்காலம் இருக்கவில்லை. 2012இல் அவருடைய தந்தையார் அலுமாரிக்குள் சில வட்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றை வாசித்துக் கொடுத்தவர்கள் பழங்கணினி ஆர்வலர்கள். எழுதியவருக்கே அவருடைய எழுத்தை மீட்டுக் கொடுத்தவர்களைத் திருடர் என்பதா, நூலகர் என்பதா?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வேகத்துடன் எழுதுகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அதே இறுவட்டில், டொஸ் காலத்துத் தமிழ் எழுத்து மென்பொருள் ஒன்றும் அதில் நான் தட்டெழுதிய கோப்புகளும் இருந்தன. வன்னியிலிருந்து கொழும்பு வந்து சேர்ந்த ஒரு முதிய கூத்து அண்ணாவியாரை 1996இல் இரண்டு நாட்கள் செவ்வி கண்டிருந்தேன். பத்திரிகையில் இடமின்றி மூன்றில் ஒரு பங்குதான் வெளிவந்தது. ஒலிநாடா வீடு மாறியபோது தொலைந்தது. அண்ணாவியாரும் அடுத்த சில ஆண்டுகளில் மறைந்தார். முழுப் பிரதி அந்தக் கோப்பில் இருந்தது; ஆனால் அதன் எழுத்துமுறையை இன்றைய எந்த மென்பொருளும் அறியாது. திறந்தால் கேள்விக்குறிகளும் பெட்டிகளும்தான். பாமினி எழுத்துருவுக்கு மாற்றிகள் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. கணினி வல்லுநர் இருவரிடம் காட்டினேன். கைவிட்டுவிடுங்கள் என்றார்கள்.

"மாமா, கேம் ஓடினால் உதுவும் ஓடும்தானே?" என்றான் மருமகன். ஓடியது. கறுப்புத் திரையில், தடித்த பச்சை எழுத்துகளில், அண்ணாவியார் பேசத் தொடங்கினார். தன் பன்னிரண்டாவது வயதில் முதல் முறை களரியேறிய இரவைப் பற்றிச் சொல்லும் இடம் அது. அச்சில் வராத பகுதி.

அந்த எழுத்துகளை அங்கிருந்து வெட்டியெடுத்து ஒட்டுவதற்கு வழியில்லை. டொஸ்பொக்ஸை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் யூனிகோட்டில் ஒவ்வொரு வரியாகத் தட்டெழுதி வருகிறேன். இரண்டாம் நாள் செவ்வியின் கடைசிப் பகுதி இருந்த பிளொப்பி 2003இலேயே பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது, அது கிடைக்கவில்லை. இருப்பது முப்பத்தொரு பக்கம். நேற்றிரவு ஒன்பதாம் பக்கம் முடிந்தது.