பரவைக் கடலில் ஒரு மாலை

என் மூத்த மகள் தன் பிள்ளைகள் இருவருடனும் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வந்த மூன்றாம் நாளே பேரப்பிள்ளைகள் படகிலேறி நயினாதீவுக்குப் போகவேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒன்றும் பேசாமல் முற்றத்துக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பின்னால் மகள் சிரிக்குஞ் சத்தம் கேட்டது. "அப்பா இன்னும் அதை மறக்கேல்லை" என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

மறக்கவில்லை என்பது உண்மைதான். இப்பகுதியிலே வீட்டுக் கதைகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். என் மாமியாரின் மூக்குக்கண்ணாடி தொலைந்த கதையைக்கூட விட்டுவைக்கவில்லை. இதனை மட்டும் எழுதாது ஒளித்து வந்தேன். ஏனெனில் இக்கதையில் குற்றவாளி நானே.

குடாநாட்டுக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைப் புவியியல் நூலார் கடல்நீரேரி என்பர். நம்மவர் பரவைக் கடல் என்பர். அது முழுதும் ஏரியுமன்று, முழுதுங் கடலுமன்று. மேற்கே தீவுகளுக்கிடையிலுள்ள வாய்களால் பாக்கு நீரிணையோடு கலந்தும், கிழக்கே ஆனையிறவுவரை நிலத்தினுள் நுழைந்தும் கிடப்பது. ஆழமோ மிகக் குறைவு. பண்ணைத் தாம்போதியாற் செல்பவர், கரையிலிருந்து வெகுதூரத்தில் மனிதர் இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்வதைக் காணலாம். ஆகவே, அதைக் கடலென்று மதிக்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை.

என் பிள்ளைகள் சிறுவராயிருந்த காலத்தில் நாங்கள் அராலியில் குடியிருந்தோம். மனைவியின் தமக்கையார் வேலணையில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அராலித் துறையில் நின்று பார்த்தால் மறுகரையிற் பனந்தோப்புக் கறுப்புக் கோடாகத் தெரியும். தெருவழியே போவதாயின் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்து, பண்ணையைக் கடந்து, ஒரு பெரிய வளையம் சுற்ற வேண்டும். அதனாலே ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், போகவும் வரவும் சேர்த்து ஒரு வள்ளத்தைக் கூலி பேசினேன். நான், மனைவி, என் தாயார், பதினொரு வயது மகள், எட்டு வயது மகன், நான்கு வயதுக் கடைக்குட்டி, வள்ளக்காரர் ஆக ஏழு பேர். காலைப் பயணம் தேர்த்திருவிழா போல் நடந்தது. நீர் கண்ணாடியாய்க் கிடந்தது. கடைக்குட்டி அடியிலுள்ள பாசிகளைக் கையால் அளைந்துகொண்டே வந்தான்.

பிற்பகல் மூன்றரை மணிக்குத் திரும்புவதற்காகத் துறைக்கு வந்தோம். காற்று முற்றாய் நின்று போயிருந்தது. வள்ளக்காரர் பாயை அவிழ்க்காமல் குந்தியிருந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பூநகரிப் பக்கம் கறுத்துக் கிடக்குது. இண்டைக்கு இஞ்சை தங்கிப்போட்டு விடியப் போவம்."

மைத்துனியாரும் அதையே சொன்னார். "பிள்ளையளும் மாமியும் நிக்கட்டும். நீங்கள் வேணுமெண்டால் பஸ்ஸிலை போங்கோ" என்றார். இதைவிட நியாயமான பேச்சை எவரும் பேசியிருக்க முடியாது. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை, எனக்குக் கந்தோர். அதற்கும் மேலாக, போகவர இரண்டு கூலியும் பேசியிருந்தேனே! பேசிய கூலியை வீணாக்கிப் பஸ்ஸுக்கும் காசு கொடுப்பதா? வள்ளக்காரரைப் பார்த்து, இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்றேன். அவர் என் முகத்தையும் பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்தார். வீட்டிலே அவருக்கும் பிள்ளைகள் இருந்தனர். கூலிக்கு அவசியமும் இருந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து கயிற்றை அவிழ்த்தார். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் தமிழ் போதாது.

நம் நாட்டிற் புயலென்றால் எல்லோர்க்கும் பெயரோடு நினைவுண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயல் நம் வடபகுதியையும் தாக்கிவிட்டே அங்கு சென்றது. 2008 இல் வந்த நிஷா குடாநாட்டை வெள்ளக்காடாக்கிற்று. 2020 மார்கழி 2 ஆம் நாள் இரவு திருகோணமலைக் கரையில் ஏறிய புரெவியின் மழையும் நம்மை விடவில்லை. ஆனால் இவையெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளிகள். இரண்டு மூன்று நாள் முன்பே வானொலி அறிவித்துவிடும். ஐப்பசி மாதத்து மாலை இடிமழை அப்படியன்று. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்காத இடைக்காலம் அது. பகலெல்லாம் வன்னி நிலம் காய்ந்து, அந்த வெக்கையிற் கிளம்பும் ஈரக்காற்று பிற்பகலில் மலைபோல் மேகமாய் எழும்பும். மேகம் உடையும்போது அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்றொன்று மழைக்கு முன்னோடியாய்ப் பாய்ந்து வரும். அறிகுறி என்று கிடைப்பது அரைமணி நேரம்; அந்த அறிகுறியும் பெரும்பாலும் அமைதிதான். காற்று நின்றால் நல்லது என்று நினைப்பவன் கரையாள்.

பாதி வழியில் அந்தக் குளிர்காற்று எங்களைப் பிடித்தது. வள்ளக்காரர் அதற்கு முன்பே பாயை இறக்கிச் சுருட்டியிருந்தார். கண்ணாடியாய்க் கிடந்த நீர், அடுப்பில் வைத்த உலைபோற் கொதிக்கத் தொடங்கியது. ஆழ்கடலில் அலை நீளமாய் வரும். வள்ளம் ஏறி இறங்க இடங்கொடுக்கும். ஆழமற்ற நீரிலோ, அலையின் கால் அடிநிலத்திற் தடக்குவதாற் குறுகிச் செங்குத்தாய் நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து அறையும். அளவிற் சிறியவைதாம், ஆனால் ஒன்றிலிருந்து மீள்வதற்குள் மற்றொன்று விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மழை தெறித்ததில் அராலியும் மறைந்தது, வேலணையும் மறைந்தது. ஏழு பேரும் ஒரு சாம்பல் நிறச் சட்டிக்குள் அகப்பட்டவர்களானோம்.

மகன் பயந்து எழுந்து தாயிடம் ஓடப் பார்த்தான். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது. "ஒருதரும் எழும்பக் கூடாது! அடியிலை இருங்கோ!" என்று வள்ளக்காரர் போட்ட சத்தம் இடியையும் மீறிக் கேட்டது. என் தாயார் பேரனின் காற்சட்டையைப் பிடித்திழுத்துத் தம் மடியிற் கிடத்திக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தார். மகள் தகரப் பேணியை எடுத்து நீரை இறைக்கத் தொடங்கினாள். பேணி போதாது. மைத்துனியார் ஆசையோடு கொடுத்தனுப்பிய நண்டுக்கறிச் சட்டி மனைவியின் காலடியில் இருந்தது. ஒருகணமும் தயங்காமல் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அந்தச் சட்டியால் அள்ளியள்ளி வெளியே ஊற்றினாள். நண்டுகள் தம் ஊருக்கே திரும்பின. இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு நாவும் அசையவில்லை. நான் நீந்த அறியாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளில் யாரை முதலிற் பிடிப்பது என்ற எண்ணம் ஒன்று மட்டும் தலைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. மூவர், என் கைகளோ இரண்டு.

அப்பொழுது வள்ளக்காரர் தடியை உள்ளே எறிந்துவிட்டு நீருக்குள் குதித்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். பார்த்தால், மார்பளவு நீரில் நிற்கிறார்! அணியத்தை இரண்டு கைகளாலும் பற்றி, அதைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் இறங்குங்கோ! பின்னாலை பிடியுங்கோ!" என்றார். இறங்கினேன். முழங்காலுக்குக் கீழ் சேற்றிற் புதைந்தது. நீர் எனக்குக் கழுத்தைத் தொட்டது. எங்கள் இருவர் பாரமும் நீங்க, வள்ளம் அரைச்சாண் எழும்பிக்கொண்டது. அலைகள் பக்கத்தில் அறையாமல் முகத்திற் பிளந்து போயின.

அவ்வளவு நேரமும் நாங்கள் நடுங்கிய ஆழம் ஒரு மனிதன் நிற்கும் ஆழந்தான். ஆயினும் நாலு வயதுப் பிள்ளைக்கு அதுவும் சமுத்திரமே. சற்று அப்பால் ஓடை இருந்ததென்றும், அங்கே தள்ளப்பட்டிருந்தால் தமக்கும் கால் எட்டியிராதென்றும் அவர் பின்னர் சொன்னார். எங்கே நிலமுண்டு, எங்கே ஓடை என்பதை அந்த மழையிருட்டிலும் அவர் கணக்கு வைத்திருந்தார். மின்னல் வெட்டும் நேரம் திறந்த நீரில் எழுந்து நிற்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை என்பதை நானறிவேன், அவரும் அறிவார். தாம் மட்டும் அந்த ஆபத்துக்குத் தலை நீட்டவில்லை, என்னையும் பங்காளியாக்கினார் என்பதில் இன்றும் எனக்கு ஒரு திருப்தியுண்டு.

மழை விட்டபோது பொழுதுபட்டிருந்தது. அராலித் துறையில் இறங்கி, நடுங்கும் கையால் இரட்டிப்புக் கூலியை நீட்டினேன். வள்ளக்காரர் பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "மற்றது வேண்டாம். நீங்களும் வேலை செய்தனீங்கள்தானே" என்றார். மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நண்டுக் கறி வைத்தாள்.

அதன்பின் படகு விபத்தொன்றைப் பத்திரிகையிற் படித்தால், எத்தனை பேர் ஏறினார்கள், யார் எழுந்து நின்றார்கள், யார் அவசரப்படுத்தினார்கள் என்ற மூன்றையுமே தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. 2009 புரட்டாதி 30 ஆம் நாள் தேக்கடி ஏரியிற் கவிழ்ந்தது இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு. விலங்குகளைப் பார்க்கவென்று மேற்தட்டிலிருந்தவர்கள் ஒருபக்கமாய்ச் சேர்ந்ததே காரணமென்று செய்திகள் வந்தன. மாண்டவர் 45 பேர். அங்கே புயலுமில்லை, மழையுமில்லை. 2011 நத்தார் தினத்தன்று சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில், எங்களைப்போலவே உறவினராய்க் கூடிப் படகேறியவர்களில் 22 பேர் இறந்தனர். அந்த ஏரியும் நமது பரவைக் கடலின் உடன்பிறப்புத்தான். ஆழமற்றது, கடலோடு கலப்பது. 2021 கார்த்திகையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததையோ உல்லாசப் பயணமென்றுகூடச் சொல்ல முடியாது. பாலம் கட்டிமுடியும்வரை மிதவையிற் பள்ளிக்கூடம் போன குழந்தைகள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன விஷயமென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

சரி, நயினாதீவுக்கு வருவோம். குறிகட்டுவானிலிருந்து இயந்திரப் படகில் அதிக நேரமாகாது. ஆனால் இது ஆவணி. சோளகம் இன்னும் ஓயவில்லை. அம்மனின் ஆனித் திருவிழாவும் இதே சோளகக் காலத்திலேதான் வருகிறது. கடல் அடிக்கும் காலத்திலேதான் நம் சனமும் அள்ளுப்பட்டுப் போகிறது. உள்ளே நெருக்கி அடைபட்டுப் போவதை நான் விரும்பவில்லை. கூட்டமில்லாத நாளாய், காலை முதற் படகிலே போவதென்றும், உயிர்காப்பு அங்கி தந்தால் வியர்த்தாலும் கழற்றக்கூடாதென்றும், இருந்த இடத்தைவிட்டு எழும்புவதில்லையென்றும், படகுக்காரர் வேண்டாமென்றால் மறுபேச்சின்றிக் குறிகட்டுவானில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்புவதென்றும் மகளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். பேரன் இவ்வளவு நிபந்தனையா என்று முகஞ் சுளித்தான். பேத்தி அப்படியல்லள், தாயின் கதையைக் கேட்ட மறுகணமே குசினிக்குள் போய், பால்மா வந்த தகரப் பேணி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.