ரூட்டரை முதலில் கீழே வையுங்கள்

எலெக்ட்ரிக் கிடார் வைத்திருப்பவர்களுக்கு ரூட்டர் என்கிற மரம் குடையும் மெஷினை வாடகைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்று யாராவது மனுப் போட்டால் நான் கையெழுத்துப் போடத் தயார்.

விஷயம் இதுதான். ஒருவர் கைக்கு அபூர்வமான கிடார் ஒன்று வந்து சேர்கிறது. கோடி ரூபாய் சமாசாரம் அல்ல. அதிகம் செய்யப்படாதது, அவ்வளவுதான். கம்பெனி ஏதோ ஒரு வேகத்தில் நாலைந்து வருஷம் தயாரித்து, விற்காமல் போய், சத்தமில்லாமல் நிறுத்திவிட்ட மாடல். பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். ஒலியும் வழக்கமானதாக இருக்காது. உடனே இவருக்குக் கை அரிக்க ஆரம்பிக்கிறது. பிக்கப்பை மாற்றலாமா? ட்ரெமலோ வைக்கலாமா? பின்பக்கம் கொஞ்சம் குடைந்தால் என்ன? அப்படியே சுரண்டிவிட்டு வேறு பெயின்ட்? யாராவது 'வேண்டாமே' என்றால் ரெடியாக ஒரு பதில்: 'என் கிடார், என் காசு. உங்களுக்கு என்ன சார்?'

எனக்கு என்ன என்று சொல்கிறேன்.

கிப்ஸன் கம்பெனி 1977-ல் ஆர்.டி. என்று ஒரு கிடாரை இறக்கியது. ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம். அப்போது கிப்ஸனுக்கும் மூக் சிந்தசைஸர் கம்பெனிக்கும் ஒரே முதலாளி, நார்லின் என்ற நிறுவனம். சிந்தசைஸர்தான் நாளைய வாத்தியம், கிடார் கதை முடிந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். நார்லின்காரர்கள் மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டார்கள். சிந்தசைஸர் மேதை பாப் மூக் வடிவமைத்த எலெக்ட்ரானிக்ஸ் கிடாரின் வயிற்றுக்குள் போனது. ஆர்.டி. ஆர்ட்டிஸ்ட் என்கிற உயர்ந்த ரகத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஒலியை அமுக்கிச் சமன் செய்யும். இன்னொரு பக்கம் தட்டினால் வெடித்து விரியும். ஒன்பது வோல்ட் பாட்டரி வேண்டும். கிடாரிஸ்டுகள் வாங்கிப் பார்த்து, குமிழ்களையும் சுவிட்சுகளையும் வெறித்துவிட்டு, பழைய லெஸ் பாலுக்கே திரும்பிப் போனார்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஆர்.டி. மூச்சை நிறுத்தியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஆர்.டி. ஆர்ட்டிஸ்ட் கையில் கிடைத்த பலர் செய்த முதல் காரியம், பின்பக்க மூடியைக் கழற்றி மூக்கின் சர்க்யூட்டைப் பிடுங்கி எறிந்ததுதான். 'நார்மல் கிடாரா மாத்திட்டேன்' என்று பெருமை வேறு. நார்மல் கிடார்தான் வேண்டுமென்றால் உலகம் பூராவும் கிடக்கிறதே ஐயா! அதே ஆர்.டி. வரிசையிலேயே ஸ்டாண்டர்ட் என்று ஒரு மாடல், இந்தச் சர்க்யூட் எதுவும் இல்லாமல், அதே அச்சில், விலை குறைவாக வந்ததே! அதை வாங்கியிருக்கலாம். யானையை வாங்கித் தும்பிக்கையை வெட்டிவிட்டு, இப்போது எருமை மாதிரி லட்சணமாக இருக்கிறது என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

இங்கே பெரும்பாலானவர்கள் எடுக்கும் பிரம்மாஸ்திரம் எட்டி வான் ஹேலன். 'அவர் வெட்டலையா? ஒட்டலையா? அவர் கிடாரை மியூசியத்திலேயே வெச்சாங்களே!' வாஸ்தவம். ஃப்ராங்கென்ஸ்டைன் என்று பேர் பெற்ற அந்தக் கிடாரை 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டினார்கள். ஆனால் அது எதிலிருந்து பிறந்தது? 50 டாலருக்கு வாங்கிய, கழித்துக்கட்டிய ரகத்து உடல். 80 டாலருக்கு ஒரு கழுத்து. பழைய கிப்ஸன் ஒன்றிலிருந்து எடுத்த பிக்கப். மேலே சைக்கிள் பெயின்ட். அதைக் கெடுத்திருந்தால் நஷ்டம் 130 டாலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

இதே எட்டியிடம் ஐபனெஸ் டெஸ்ட்ராயர் என்று இன்னொரு கிடார் இருந்தது. ஜப்பானில் செய்தது, கிப்ஸனின் 1958 எக்ஸ்ப்ளோரர் மாடலைப் பார்த்து அடித்த காப்பி. 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் பல இடங்களில் ஒலிப்பது இதுதான். நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் தோற்றம் அழகாக இருக்கட்டும் என்று ரம்பத்தை எடுத்து உடலில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்தார். சுறா வாய் மாதிரி ஆனது. 1980 ஆல்பத்தின் அட்டைப் படத்தில் அதைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான். பழைய ஒலி போய்விட்டது என்று அவரே பிற்பாடு வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். வெட்டியவர்களின் குலதெய்வமே வந்து சாட்சி சொல்லியும், பக்தர்கள் காதில் பஞ்சு.

மற்ற பெரிய பெயர்களையும் பார்த்துவிடலாம். எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி', 1970-ல் நாஷ்வில் கடையொன்றில் சல்லிசாக அள்ளிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றைப் பிரித்து ஒன்றாகக் கோத்தது. 2004 ஏலத்தில் 9,59,500 டாலர். டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட், அதே 1970-ல் நியூயார்க் மேனீஸ் கடையில் வாங்கியது. அவர் அதில் மாற்றாத பாகம் இல்லை; கழுத்து மாற்றினார், பிக்கப் மாற்றினார், ட்ரெமலோவுக்காக மரத்தைக் குடைந்துவிட்டுப் பிற்பாடு அடைத்தார். 2019-ல் 39,75,000 டாலருக்குப் போயிற்று. இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று: வெட்டியபோது அவை அபூர்வம் இல்லை. கடைக்குக் கடை தொங்கிக்கொண்டிருந்த சரக்கு. அபூர்வமாக்கியது வாசித்த கை.

நிஜமாகவே அரிதான கிடாரில் மாறுதல் செய்து பேர் வாங்கிய கதை வேண்டுமா? பீட்டர் க்ரீனின் 1959 லெஸ் பால். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்தாற்போல ஒரு சோகக் குரல் வரும். காரணம், ஒரு பிக்கப்பின் உள்ளே காந்தம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான் மாறுதல்! உளி படவில்லை, மரத்தூள் விழவில்லை. வேண்டாமென்றால் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்து அரை மணியில் பழையபடி ஆக்கிவிடலாம். யாரும் ஆக்கவில்லை. கேரி மூர் கைக்குப் போய், 2014-லிருந்து மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. இன்னும் மேடையில் வாசிக்கிறார்.

எதிர்க்கட்சியின் நல்ல வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. வயலின் மேதை ஸ்ட்ராடிவாரி செய்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தில் மாற்றப்பட்டவைதான். பெரிய அரங்குகளுக்கு ஒலி போதவில்லை என்று நீளமான கழுத்து வைத்தார்கள், கோணத்தைச் சாய்த்தார்கள், உள்ளே தாங்கும் கட்டையைப் பெரிதாக்கினார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் இன்றைக்குக் கச்சேரியில் அவை ஒலித்திருக்காது. வாத்தியம் என்றால் வாசிக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்து ஏலக்காரனுக்குக் காத்திருப்பவனைவிட ரம்பக்காரன் மேல். இதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். பாங்க் லாக்கரில் கிடார் வைக்கிற ஆசாமிகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அதே வயலின் குடும்பத்தில் வியோலாவுக்கு என்ன நடந்தது? அந்தக் காலத்தில் டெனர் வியோலா என்று பெரிய ஒன்று உண்டு. பிற்கால வாசகர்களுக்குக் கை எட்டவில்லை. ஓரத்தை அறுத்துச் சின்னதாக்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான், வாசிப்பதற்காகத்தான். விளைவு, அந்தக் காலத்து டெனர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அறுபடாமல் தப்பித்த ஒரு சிலவற்றைத்தான் தேடிப் போக வேண்டும். ஃப்ளாரன்ஸில் 1690-ல் ஸ்ட்ராடிவாரி செய்த ஒன்று அப்படியே இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். அறுத்தவர்கள் ஒவ்வொருவரும் 'இது ஒண்ணுதானே, மீதி இருக்கே' என்று நினைத்திருப்பார்கள். மீதியை வைத்திருந்தவரும் அதையேதான் நினைத்தார்.

எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்பதற்கு இதுதான் பதில். அரிய கிடார் என்பது சொத்து மட்டுமல்ல, சாட்சி. உள்ளே இருக்கும் வால்யூம் குமிழின் முதுகில் 1377734 என்று எண் இருக்கும். 137 செய்த கம்பெனி, 77 வருஷம், 34 வாரம். அந்தக் குமிழில் இருக்கும் ஈயப் பற்று உடையாமல் இருந்தால் இந்தக் கிடார் எப்போது, எப்படிக் கட்டப்பட்டது என்று பின்னால் வருபவன் படித்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் செய்த மாடலில் ஒன்று போனால் மற்றது சொல்லும். 1958-ன் அசல் எக்ஸ்ப்ளோரர் மொத்தமே ஐம்பதைத் தாண்டாது என்பது பொதுவான கணக்கு. அதில் ஒன்று போனால் எது சொல்லும்?

அப்படியானால் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடுங்கள். அதே அளவு பிக்கப் போடுங்கள். பழையதைக் கம்பியோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பழைய திருகாணி ஓட்டையிலேயே உட்காரும் பிருடை போடுங்கள். துளை போடாமல் ட்ரெமலோ பொருத்த இப்போது தகடு விற்கிறார்கள். தேய்ந்த ஃப்ரெட்டை மாற்றுவது மாறுதலே இல்லை, செருப்புக்கு அட்டை தைப்பது மாதிரி. என் கோடு மரத்தில் இருக்கிறது. ரூட்டர், ரம்பம், துரப்பணம், உப்புத்தாள். இந்த நாலும் வேண்டாம்.

புது ஒலி தேடுகிறவர்களுக்கு நம்ம ஊர் ஆசாமி ஒருவர் வழி காட்டியிருக்கிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ். எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி என்கிற ஐரோப்பிய ஏற்பாடு கர்நாடக கமகத்துக்கு ஒத்துவராது. ஐந்து ஒற்றைத் தந்தி, எலெக்ட்ரிக் பிக்கப் என்று வாத்தியத்தின் ஜாதகத்தையே மாற்றினார். இதைவிடப் பெரிய மாறுதல் கிடையாது. அதற்காக இத்தாலியின் பழைய மாண்டலின் எதையும் அறுக்கவில்லை. தேவையை முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வாத்தியத்தைக் கையில் எடுத்தார். நம் ரம்பக்காரர்கள் பலரிடம் இல்லாதது அந்த 'தேவை'தான். 'என்ன சத்தம் வேணும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'கொஞ்சம் பவர்ஃபுல்லா' என்பார்கள். அதற்கு ஒரு பெடல் போதும்.

மனசு கேட்கவில்லை, அதே மாடலில்தான் கை வைக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஏற்கெனவே யாரோ ஒரு புண்ணியவான் குடைந்து, பெயின்ட் அடித்து, நாசம் பண்ணிய கிடார் எல்லா மாடலிலும் சந்தைக்கு வருகிறது. பெயின்ட் மாற்றினாலே பாதி விலை என்பது இந்த வியாபாரத்தில் பழைய வழக்கு. குடைந்திருந்தால் இன்னும் இறங்கும். அதை வாங்கி உங்கள் ஆசை தீர வெட்டுங்கள். பேரம் பேசும்போது மட்டும் பழைய பிக்கப்பும் சர்க்யூட்டும் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். சில சமயம் விற்பவரின் மேஜை டிராயரிலேயே கிடக்கும்.