கணினி முகப்பில் தமிழ்ப் பெயர்கள்



நம் தமிழ்ப்பள்ளிக் கணினிகளின் முகப்புத் திரையில் எத்தனை தமிழ்ச் சொற்கள் தென்படுகின்றன? பந்திங் வட்டாரத்தில் நான் கண்டவரை, மலாய்ப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களுமே நிறைந்துள்ளன.

இதற்கொரு வரலாறு உண்டு. 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கைக்காகவே அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஆக, நம்மில் பலரின் கைக்குக் கணினி ஆங்கிலத்தோடு கைகோர்த்தே வந்தது. அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு 2009இல் அறிவித்தது. பழக்கம் மட்டும் நம்மை விட்டபாடில்லை. இத்தனைக்கும், முரசு அஞ்சல் 1985இல் பிறந்தது இதே மலேசியாவில்தான், முத்து நெடுமாறன் அவர்களின் கைவண்ணத்தில்! இன்று விண்டோசிலேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இரண்டும் உள்ளன.

எவரிடமும் அனுமதி கேட்காமல் நாம் மாற்றக்கூடிய இடம் ஒன்றுண்டு. அதுதான் குறுக்குவழி. நாள்தோறும் திறக்கும் கோப்பின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'சென்ட் டு' பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். (விண்டோஸ் 11இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும்.) முகப்பில் தோன்றும் சின்னத்தை ஒருமுறை சொடுக்கி, எஃப்2 விசையை அழுத்தி, 'நாள் பாடத்திட்டம்' என்று தமிழிலேயே பெயரிடுங்கள். டெலிமா போன்ற இணையத்தளமாயின், முகப்பின் வெற்றிடத்தில் வலப்பொத்தானை அழுத்தி, 'நியூ', 'ஷார்ட்கட்' எனச் சென்று முகவரியை ஒட்டினால் போதும்.

பெயரை மாற்றினால் மென்பொருள் கெட்டுவிடுமே என்று அஞ்சுவோர் உளர். கெடாது. குறுக்குவழி என்பது வெறும் கைகாட்டிப் பலகை. அதை அழித்தாலும் மூலக் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பெற்றோர் கவனிக்க வேண்டியதும் இதுவே: பிள்ளையின் இடுபணியைப் பென்டிரைவில் அனுப்பும்போது முகப்பிலுள்ள குறுக்குவழியைப் படியெடுத்தால், பள்ளிக்கு வந்து சேர்வது கைகாட்டி மட்டுமே, கோப்பு வீட்டிலேயே தங்கிவிடும். சின்னத்தின் மூலையில் சிறு அம்புக்குறி இருந்தால் அது குறுக்குவழி எனக் கொள்க.

முகப்பை நிரப்பிவிடவும் வேண்டாம். ஏழெட்டுக்கு மேற்பட்டால் தேடும் வேலை மீண்டும் வந்துவிடும்.

பெயர் சூட்டும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து. 'பெயின்ட்' என்பதற்கு 'ஓவியம்' பொருந்துமா, 'வரைபலகை' பொருந்துமா என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வாதிடட்டுமே! அதுவும் தமிழ்ப்பாடந்தானே?