காணி உறுதி சொல்லாத நீர்மட்டம்

2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மழையில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2006 இல் போர் மீண்டும் மூண்டதும் இதே மாவிலாற்றுக் கதவை வைத்துத்தான்.

ஒரு காணி வெள்ளப் படுகைக்குள் வருகிறதா? உறுதியும் அனுமதிப்பத்திரமும் எல்லையைச் சொல்லும், நீர் ஏறும் உயரத்தைச் சொல்லா. கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி மலையகத்து மழையைச் சுமந்து வருவது. இங்கே வானம் வெளுத்த பிறகும் ஏறும். சுவரின் சேற்றுக்கோடும் 1957, 2011 வெள்ளங்களைக் கண்ட முதியவர்களின் நினைவும்தான் நம்பகமான அளவுகோல் என்பேன். அந்த நினைவையும் போர் அறுத்துவிட்டது. 2011 இல் சம்பூர் மக்கள் முகாம்களில் இருந்தார்கள். தங்கள் வளவில் நீர் எங்கே நின்றதென்று அவர்கள் பார்க்கவில்லை.

'அபாய வலயம்' என்று அரச வரைபடத்தில் நிறம் தீட்டினாலே எங்கள் சனம் பயப்படுகிறது. அது வீண் பயமல்ல. 2007 இல் சம்பூரை உயர் பாதுகாப்பு வலயமாக்கியதும் ஒரு வர்த்தமானிதான். அதற்காக அளக்காமல் விடுவதா? சுண்ணாம்பு பூசுமுன் சேற்றுக்கோட்டைத் திகதியோடு படமெடுத்து, கிராம சேவையாளரிடம் பதிந்து, ஒரு பிரதியை வீட்டிலும் வையுங்கள்.