மெட்டே இல்லை என்றார்கள்... 50 வயதைத் தாண்டிய ஜோனி மிட்செல் ஆல்பத்தில் அப்படி என்னதான் பிரச்னை?

'வருஷத்தின் மிக மோசமான ஆல்பம்' என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை முத்திரை குத்தியது. ஜோனி மிட்செலின் 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்தக் கதை வந்து விழும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, நடந்தது வேறு. 1975-க்காக அந்தப் பத்திரிகை கொடுத்தது 'மோசமான ஆல்பம் தலைப்பு' என்ற கிண்டல் பட்டம். திட்டு வாங்கியது பெயர்தான்.

அதற்காகப் பாடல்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்றும் அர்த்தமில்லை. அதே பத்திரிகையில் ஸ்டீபன் ஹோல்டன் எழுதிய விமர்சனம், பாடல் வரிகளைப் பாராட்டிவிட்டு இசையைக் கீழே போட்டது. மெட்டு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை, பின்னால் வாசிக்கும் ஜாஸ்-ராக் குழு மிட்செலின் பாணிக்கு ஒட்டவே இல்லை என்பதுதான் அதன் சாரம்.

1975 நவம்பரில் வந்த ஆல்பம் இது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்கு இதை மிட்செலின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்கிறவர்கள் ஏராளம். இந்த மனமாற்றத்துக்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்லப்படும்: 'காலத்துக்கு முந்திய படைப்பு'. கொஞ்சம் சோம்பேறித்தனமான பதில் இது. ஏனென்றால், 1975-ல் ஜாஸ் கலந்த பாப் இசை யாருக்கும் புதிது இல்லை.

யார் இந்த ஜோனி?

புதிதாகக் கேட்கிறவர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1943-ல் கனடாவில் பிறந்தவர் மிட்செல். 1960-களின் கடைசியில் கையில் கிட்டாருடன் தனியாக நின்று பாடும் ஃபோக் பாடகியாக அமெரிக்காவில் பெயர் வாங்கினார். 1971-ல் வந்த 'ப்ளூ' ஆல்பம்தான் அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. காதல், பிரிவு, குற்றவுணர்வு, தனிமை எல்லாவற்றையும் 'நான்' என்ற குரலில், ஒளிவுமறைவு இல்லாமல் பாடினார். ரசிகர்கள் அதைத் தங்கள் டைரியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1974-ல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்'. இதில்தான் முதல்முறையாக டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழு அவரோடு முழுவீச்சில் சேர்ந்தது. ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம். அதில் இருந்த 'ஹெல்ப் மீ' பாடல் 7-ம் இடம். மிட்செலின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஹிட் சிங்கிள் கிடையாது. விமர்சகர்களுக்கும் பரம சந்தோஷம்.

இதைக் கவனியுங்கள். ஜாஸ் அப்போதே வந்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஆல்பத்தில் அதே குழுவைச் சேர்ந்த ஜான் கெரின் டிரம்ஸ், மேக்ஸ் பென்னட் பேஸ் வாசித்தபோது மட்டும் 'ஒட்டவில்லை' என்றால், நடுவில் மாறியது என்ன?

'நான்' காணாமல் போன ஆல்பம்

மாறியது பாட்டில் பேசுகிற ஆள். 'ஹிஸ்ஸிங்' ஆல்பத்தில் 10 பாடல்கள். பெரும்பாலானவற்றில் மிட்செல் தன் காதலைப் பற்றிப் பேசுவதே இல்லை. 'அவள்' என்று அடுத்தவர் கதையைச் சொல்கிறார். 'எடித் அண்ட் தி கிங்பின்' பாடலில் ஒரு ரவுடி பாஸ் ஊருக்குள் வருகிறான், ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறான், இருவரும் கண் இமைக்காமல் ஒருவரையொருவர் அளக்கிறார்கள். 'ஷேட்ஸ் ஆஃப் ஸ்கார்லெட் கான்கரிங்' பாடலில் வருகிறவள் 'கான் வித் தி விண்ட்' நாயகியைப் பார்த்துப் பார்த்துத் தன்னையே செதுக்கிக்கொண்ட தெற்கத்திப் பெண்.

தலைப்புப் பாடலில் வருவது மலைமேல் வீடு, வைர நகை, வேலி, எல்லாம் உள்ள ஒரு மனைவி. கீழே பள்ளத்தாக்கில் நீச்சல் குளங்கள் மின்னுகின்றன. அவள் வெளியேறவில்லை. ஏன் வெளியேறவில்லை என்று பாட்டு தீர்ப்பும் எழுதவில்லை. கிண்டல் பட்டம் வாங்கிய அந்தத் தலைப்பின் அர்த்தம் இங்கேதான் புரியும். கோடைக்காலப் புல்வெளியில் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் பீய்ச்சும்போது வரும் 'ஸ்ஸ்ஸ்...' சத்தம். பணக்காரப் புறநகரின் அமைதிக்கு அதுதான் பின்னணி இசை. அதே சத்தம் பாம்பு சீறுவது போலவும் இருக்கும். அட்டையில் மிட்செல் தானே வரைந்த ஓவியத்தில், நகரத்தையும் வீடுகளையும் பின்னணியில் வைத்து, ஒரு பிரமாண்ட பாம்பைச் சிலர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதைவிடப் பொருத்தமான தலைப்பை யோசித்துச் சொல்லுங்களேன், பார்க்கலாம்.

அட்டையைத் திறந்தால் உள்ளே, நீச்சல் குளத்தில் மிதக்கும் மிட்செலின் புகைப்படம். அடுத்தவர் வீட்டை மட்டும் எட்டிப்பார்த்துக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை, இந்தக் குளத்தில் நானும்தான் இருக்கிறேன் என்று சொல்வதுபோல. இந்த விஷயத்தைப் பல விமர்சகர்கள் தவறவிட்டார்கள். குளிர்ச்சியான, எட்ட நின்று பார்க்கிற ஆல்பம் என்று எழுதினார்கள்.

சரி, எட்ட நின்று பார்ப்பது அவ்வளவு பெரிய குற்றமா? அதே காலத்தில் ஸ்டீலி டான் என்ற குழு என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். தோற்றுப்போன சூதாடிகள், போதை வியாபாரிகள், நடுவயதுச் சபலக்காரர்கள் கதைகளை, ஜாஸ் கார்டுகள் மேல் வைத்து, ஒரு துளி உணர்ச்சி காட்டாமல் பாடினார்கள். 1975-ல் வந்த அவர்களது 'கேட்டி லைட்' ஆல்பத்தில் கிட்டார் லாரி கார்ல்டன், பேஸ் வில்டன் ஃபெல்டர், பெர்கஷன் விக்டர் ஃபெல்ட்மேன். மூன்று பேரும் 'ஹிஸ்ஸிங்' ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார்கள். அதே ஊர், அதே வருஷம், அதே கைகள்! ஸ்டீலி டானின் விலகலுக்கு 'புத்திசாலித்தனமான நையாண்டி' என்று பெயர் கிடைத்தது. டொனால்ட் ஃபேகனிடம் போய், 'உங்க சொந்தக் காதல் தோல்வியை ஏன் பாடலை?' என்று யாரும் கேட்கவில்லை.

மிட்செலிடம் அதைத்தான் மறைமுகமாகக் கேட்டார்கள். பெண் பாடகி என்றால் அழ வேண்டும், மனதைத் திறக்க வேண்டும், கேட்கிறவர் அதில் நனைய வேண்டும். சமூகத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, அதுவும் வசதியான ஆண்களும் அவர்களுடைய மனைவிகளும் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுவது, அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை இல்லை. ஜாஸ் மீது விழுந்த அடி, உண்மையில் இந்த இடமாற்றத்துக்கு விழுந்த அடி.

அந்த ஜாஸ் எதற்கு?

மெட்டு இல்லை என்ற புகாரையும் பார்த்துவிடலாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருமுறை கேட்டதும் முணுமுணுக்கிற மாதிரிப் பாடல்கள் இதில் குறைவு. முதல் பாட்டான 'இன் ஃபிரான்ஸ் தே கிஸ் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' தவிர மற்றவை கையில் பிடிபட நாலைந்து தடவை கேட்க வேண்டும்.

காரணம் கார்டுகள். ஒன்பது வயதில் போலியோ தாக்கியதில் மிட்செலின் இடது கை பலவீனமானது. வழக்கமான கிட்டார் கார்டுகளைப் பிடிப்பது சிரமம். எனவே, கம்பிகளின் சுருதியையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தனக்கென்று புது கார்டுகளைக் கண்டுபிடித்தார். அவற்றில் பல, முடியாமல் தொங்கி நிற்கும். ஒருவர் 'ஆனால்...' என்று சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் போவதைப்போல. ராக் இசைக்காரர்கள் இதற்கு வாசிக்கத் திணறினார்கள் என்றும், ஜாஸ் ஆட்களைத் தேடிப்போகச் சொல்லி ஒரு டிரம்மரே தனக்கு அறிவுரை சொன்னார் என்றும் மிட்செல் சொல்லியிருக்கிறார். ஆக, ஃபேஷனுக்காக ஒட்டவைத்த ஜாஸ் அல்ல இது. அவருடைய கார்டுகள் போய்ச் சேர்ந்த இடம்.

இந்த ஆல்பத்தின் கதைகளுக்கும் அந்தத் தொங்கல் தேவை. முடிவெடுக்காத மனைவி, முடியாத சண்டை, பதில் வராத கேள்வி. 'ஹெல்ப் மீ' மாதிரி பளிச்சென்று போய் இறங்குகிற மெட்டில் இவற்றைப் பாடியிருந்தால் பொய்யாகிப் போயிருக்கும்.

சந்தேகம் இருந்தால் 'ஹாரிஸ் ஹவுஸ் / சென்டர்பீஸ்' கேளுங்கள். ஆல்பத்தின் சிறந்த பாட்டு இதுதான் என்று அடித்தே சொல்லலாம். கணவன் ஹாரி பிசினஸ் வேலையாக நியூயார்க்கில். மனைவி வீடு, பிள்ளைகள், அலங்காரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு பாதியில் இருக்கும்போது சட்டென்று தரை நழுவுகிறது. 1950-களின் பழைய ஜாஸ் காதல் பாட்டு ஒன்று உள்ளே நுழைகிறது. ஹாரி 'ஸ்வீட்ஸ்' எடிசனும் ஜான் ஹெண்ட்ரிக்ஸும் எழுதிய 'சென்டர்பீஸ்' அது. நீயே என் வாழ்க்கையின் நடுநாயகம் என்கிற மாதிரியான கொஞ்சல். ஜோ சாம்பிளின் கீபோர்டு நிதானமாக ஊஞ்சலாடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நமக்குக் காட்டிவிட்டு, அந்தக் கனவுக்குள்ளேயே சண்டைக் குரல்கள் கசிய ஆரம்பிக்கின்றன. திரும்ப நிகழ்காலம். அவள் போகிறாள், வீட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று.

ஒரு சினிமா ஃபிளாஷ்பேக் செய்கிற வேலையை இங்கே இசையின் வகையே செய்கிறது. ஜாஸ் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஜான் ஹெண்ட்ரிக்ஸ் இருந்த லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ் குழுவுக்கு மிட்செல் சின்ன வயதிலிருந்தே தீவிர ரசிகை. முந்தைய ஆல்பத்தின் கடைசிப் பாட்டும் ஆனி ராஸின் 'ட்விஸ்டட்'தான்.

முதலில் புரிந்துகொண்டது யார்?

இசைக்காரர்கள். முழுசாக ரசித்த கடைசி ஆல்பம் இது என்று 1985-ல் பிரின்ஸ் சொன்னார், அதுவும் 'ரோலிங் ஸ்டோன்' பேட்டியிலேயே! 2007-ல் மிட்செலுக்குக் காணிக்கையாக வந்த ஒரு தொகுப்பில் பியோர்க், எல்விஸ் கோஸ்டெல்லோ, பியானோ கலைஞர் பிராட் மெல்டாவ் மூவரும் தேர்ந்தெடுத்தது இந்த ஆல்பத்தின் பாடல்களை. அதே வருஷம் ஹெர்பி ஹான்காக் வெளியிட்ட 'ரிவர்: தி ஜோனி லெட்டர்ஸ்' ஆல்பத்தில் 'எடித்' பாடலை டினா டர்னர் பாடினார். அந்த ஆல்பம் 2008-ல் கிராமியின் 'ஆல்பம் ஆஃப் தி இயர்' விருதை வென்றது. ஒரு ஜாஸ் ஆல்பத்துக்கு அந்த விருது கிடைத்தது 43 வருஷங்களுக்குப் பிறகு. ஒட்டவே இல்லை என்று சொல்லப்பட்ட ஜாஸுக்கு, ஜாஸ் உலகமே கொடுத்த பதில் அது.

விற்பனையிலும் 'ஹிஸ்ஸிங்' படுதோல்வி கிடையாது. பில்போர்டில் 4-ம் இடம் வரை போனது. ஆனால், அதன்பிறகு வந்த அவரது எந்தப் புதுப் பாடல் ஆல்பமும் டாப் 10-க்குள் நுழையவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. 1976-ல் ஜேக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டாருடன் 'ஹெஜிரா', 1979-ல் ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸோடு சேர்ந்து உருவாக்கிய 'மிங்கஸ்'. பழைய ரசிகர்களை ஒவ்வொரு ஆல்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே போனார்.

பாராட்டும்போது மறைக்கக் கூடாதது

இப்போதைய புகழுரைகளில் 'தி ஜங்கிள் லைன்' பாடலுக்குத் தனி இடம் உண்டு. ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு டிரம் கலைஞர்களின் களப்பதிவை எடுத்து, அதைச் சுழலவிட்டு, மேலே மூக் சிந்தசைசரும் தன் குரலும் வைத்தார் மிட்செல். 'சாம்ப்ளிங்' என்ற வார்த்தை பரவலாவதற்கு முன்னால் நடந்த சாம்ப்ளிங் என்று இதைச் சிலாகிக்கிறார்கள். சத்தமாகக் கேட்டால் இன்றைக்கும் மிரட்டுகிறது, மறுக்க முடியாது.

ஆனால், ஆல்பத்தில் அந்தக் கலைஞர்கள் 'புருண்டி டிரம்ஸ்' ஆக மட்டுமே இருக்கிறார்கள், ஆளுக்கொரு பெயர் உள்ள மனிதர்களாக இல்லை. நகரத்துக்குள் காடு நுழைகிறது என்ற அந்தப் பாட்டின் உவமையில், கறுப்பர்களின் ஜாஸ் இசையும் 'காட்டின்' பக்கம்தான் நிற்கிறது. ஓவியர் ஹென்றி ரூசோவின் கற்பனைக் காட்டைப் பற்றிய நையாண்டி அது என்று வாதாடலாம். இருந்தாலும் நெருடுகிறது. இரண்டு வருஷம் கழித்து 'டான் ஹுவான்ஸ் ரெக்லெஸ் டாட்டர்' அட்டையில் மிட்செல் கறுப்பின ஆணாக வேஷம் போட்டு நின்றபோது அந்த நெருடல் இன்னும் பெரிதானது. 2024 மறுவெளியீட்டில் அந்த அட்டைப்படம் மாற்றப்பட்டது. 'அப்போதே புரியாமல் போய்விட்டோமே' என்ற வருத்தத்தில் இதையெல்லாம் பாயின் கீழ் தள்ள வேண்டியதில்லை. வெள்ளைக்கார வீடுகளை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவருக்கு, தன் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த முகங்கள் தெரியவில்லை.

2022-ல் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாடல்களை எடுத்த மிட்செல் 2024-ல் திரும்பிவிட்டார், எனவே தேடினால் கிடைக்கும். புதிதாகக் கேட்கிறவர்கள் 'ஷஃபிள்' பட்டனை அணைத்துவிடுவது நல்லது. முதல் நாள் 'ஹாரிஸ் ஹவுஸ்' மட்டும், ஹெட்போனில், இரண்டு தடவை. பழைய பாட்டு எந்த நொடியில் உள்ளே நுழைகிறது, எந்த நொடியில் அது கெட்டுப்போகிறது என்று பிடிக்க முடிகிறதா பாருங்கள்.