"போர் போயிருச்சு சார்"

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கார் வைத்திருப்பவரிடம் ஒரு மெக்கானிக், "தூசி உள்ள போயி போர் தேஞ்சிருச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்று சொன்னால் மறுபேச்சே இருக்காது. எப்படி இருக்கும்? ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சிமென்ட் ஆலை. ரோடு முழுக்க சுண்ணாம்புக்கல் லாரிகள். கண்ணாடி மேலேயே இவ்வளவு தூசி என்றால் இன்ஜினுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் பிரச்சினையே. நம்புவதற்கு வசதியான காரணம் ஒன்று கையில் இருப்பதால், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

தூசி சிலிண்டர் சுவரைக் கெடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் மிருதுவான கல், மோஸ் அளவுகோலில் 3தான். வார்ப்பிரும்பைக் கீறுவது அதோடு சேர்ந்து பறக்கும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. அதுவும் ஏர் ஃபில்டர் சரியாக இருந்தால் உள்ளே போவது மிகக் கொஞ்சம். ஃபில்டருக்கு ஏர் அடித்து அடித்துப் பேப்பரைக் கிழித்துவிட்டுத் திரும்ப மாட்டுவது, ஹோஸ் கிளிப் தளர்ந்து கிடப்பது... இவைதான் மணலுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. ஆகவே ஊரில் தூசி இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. ஃபில்டரைத் தாண்டி, இன்ஜின் பக்கம் போகிற குழாயின் உள்ளே விரலால் தடவினால் தூசி ஒட்டுகிறதா என்பதுதான் சாட்சி. இதற்குக் காசு கூடக் கிடையாது!

அடுத்த சாட்சி நீலப் புகை. சைலன்சரில் நீலமாகப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான் அர்த்தம். எந்த வழியாக வந்து எரிகிறது என்று புகை சொல்லாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் குப்பென்று வந்து பிறகு நின்றுவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு சீலை. டீசல் வண்டியில் டர்போ சீல் போனாலும் இதே புகைதான். பிரீதர் குழாய் அடைத்தாலும் ஆயில் மேலே ஏறும். இவற்றுக்கெல்லாம் ஆகிற செலவையும், இன்ஜினை இறக்கி போர் அடித்துப் பிஸ்டன் மாற்றுகிற செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும்.

இதைப் பிரித்துச் சொல்ல இருக்கிறது கம்ப்ரஷன் சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதும். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும் (அந்தந்த வண்டியின் மேனுவல் சொல்வதே முடிவு). ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விட நன்றாக இறங்கியிருந்தால், அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் ரிங்கிலோ சுவரிலோ கசிவு. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். டீசலில் இந்த ஆயில் வித்தை ஆபத்து, எரியும் அறை மிகச் சின்னது. அங்கே காற்றை உள்ளே செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை இருக்கிறது. போதாததற்கு, போனில் மாட்டுகிற சின்ன கேமராவை உள்ளே விட்டுச் சுவரில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பி.காம். முதல் வருடத்திலேயே வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஐநூறு ரூபாய்க்கு ரசீது கேட்கிற ஊர், ஆயிரக்கணக்கில் போகிற இன்ஜின் வேலைக்குக் காது கேட்டதையும் கண்டதையும் போதும் என்று விடுவது வேடிக்கை :-)

1990களில் பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் கார்கள் சிலவற்றில் நிக்கசில் பூச்சு போட்ட சிலிண்டர் சுவர்கள் பெட்ரோலிலிருந்த கந்தகத்தால் கெட்டன. ஊரறிந்த நோய். அப்படியிருந்தும் ஜாகுவார் டீலர்கள் பிஸ்டனைத் தாண்டிக் கீழே எவ்வளவு வாயு கசிகிறது என்று அளந்து பார்த்தே இன்ஜினுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அரியலூர்த் தூசிக்கும் அதே மரியாதை கொடுக்கலாமே?

சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கி, திருச்சி ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சவாரி ஓட்டுகிறவர் நிலைமை வேறு. இன்ஜின் பட்டறையில் கிடக்கிற நாளெல்லாம் சவாரி இல்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். வால்வு சீல் மாற்றினால் போயிருக்கும் புகைக்கு அவர் மொத்த இன்ஜினையும் பிரித்தால், அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

நிஜமாகவே போர் போயிருந்தாலும் அளவு வேண்டும். மேலே, நடுவே, கீழே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் சுவர் எவ்வளவு நீள்வட்டமாகிவிட்டது என்று தெரியும். அதைப் பார்க்காமல் ரிங் மட்டும் மாற்றினால் புகை திரும்பி வரும், மெக்கானிக் மறுபடி "தூசி சார்" என்பார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு வாங்கிச் செய்கிற வேலையில் குறை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் பில்லில் "இன்ஜின் வேலை" என்று ஒரே வரி இருந்தால் அங்கே எதைக் காட்டுவது? இறக்குவதற்கு முன்னால் நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண், இறக்கிய பிறகு போர் அளவு, இரண்டையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ரிங்குகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணல் காற்றோடு வந்திருந்தால் மேல் ரிங்தான் அதிகம் தேய்ந்திருக்கும். மேல் ரிங் நன்றாக இருந்து, கீழே ஆயில் ரிங்கும் பேரிங்கும் மட்டும் தேய்ந்திருந்தால், அழுக்கு வந்த வழி பெரும்பாலும் ஆயில்.